தர்ஷினி மிஸ்ஸும் பழைய காற்று டேங்கியும்

ரிஸ்வான் கேட்டது ஒரு பக்கம்தான். நான் வேலை பார்த்த கார்மெண்ட்ஸில் இப்போது மெயின்டனன்ஸ் பகுதிக்கு அவன்தான் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்குக் கொடுக்க, கம்ப்ரசரை அன்றாடம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதித் தரச் சொன்னான். "புஸ்தகத்துல ஈக்கிறது எங்களுக்கிட்டயும் ஈக்குது மணி அண்ணே. நீங்க சொல்ற மாதிரி எழுதித் தாங்க" என்றான். மடவளையிலிருந்து பஸ் மாறி, அம்பிட்டிய மேட்டில் என் வீடு வரை நடந்து வந்து கேட்டவனிடம் மறுக்க முடியவில்லை.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். "காலையில் முதல் வேலை, டேங்கியின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே விடுவது" என்று தொடங்கினேன். அடுத்த வரியிலேயே தர்ஷினி மிஸ் வந்துவிட்டார். அந்த வரியை அடித்துவிட்டு எண்ணெய் பார்ப்பதைப் பற்றி எழுதினேன். அங்கேயும் அவர்தான். கடைசியில் ரிஸ்வானுக்கு வேண்டிய பக்கத்தைத் தனியாக எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அதில் வைக்க முடியாமல் போனதுதான் இது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அம்பிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தேன். கண்டி டவுனில் ஒரு கராஜில் வேலை பழகினேன். கலியாணம் முடித்த கையோடு கார்மெண்ட்ஸில் மெஷின் திருத்தும் பிட்டராகச் சேர்ந்தேன். மனைவி சரோஜாவும் அங்கேயே அயர்ன் மேசையில் நின்றாள். காலையில் இருவரும் ஒன்றாக இறங்குவோம், மாலையில் ஒன்றாக ஏறுவோம்.

கார்மெண்ட்ஸ் என்றால் தையல் மெஷின் மட்டும்தான் என்று வெளியில் உள்ளவர்கள் நினைப்பார்கள். அந்த மெஷின்களுக்குக் காற்று வேண்டும். நூலை வெட்டும் கத்தி காற்றில் ஓடுகிறது. துணியை அமுக்கிப் பிடிக்கும் பகுதி காற்றில் எழும்பி இறங்குகிறது. அந்தக் காற்றை அடித்துக் கொடுப்பதுதான் கம்ப்ரசர். கட்டடத்தின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் எங்களிடம் இரண்டு இருந்தன, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரியதன் பக்கத்தில், பின்னால் ஓர் ஆள் படுத்தால் மறைந்துவிடும் அளவுக்கு ஒரு இரும்பு டேங்கி கிடந்தது. இரண்டும் அடிக்கிற காற்று அதில் நிறைந்து, கூரையோரமாகப் போகும் குழாய்களில் ஏறி ஹாலுக்குள் போகும்.

அதை எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்று கேட்டால், எல்லோரும் பார்த்துக்கொண்ட மாதிரிதான். எண்ணெய் குறைந்தால் ஊற்றுவோம். பெல்ட் அறுந்தால் மாற்றுவோம். சத்தம் மாறினால் எட்டிப் பார்ப்போம். நின்றால் திருத்துவோம். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நிறுத்திப் பார் என்று யாரும் சொன்னதில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

தர்ஷினி மிஸ் ஒரு மழைக்காலத்தில் வந்தார். மெயின்டனன்ஸுக்கு புது இன்ஜினியர் என்று மெனேஜர் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். முப்பது வயதுகூட இருக்காது. குள்ளமான உருவம், நனைந்த சப்பாத்து, தோளில் ஒரு துணிப்பை. யாழ்ப்பாணத்துப் பெண் என்று வாயைத் திறந்ததும் தெரிந்தது. எலக்ட்ரீசியனாக இருந்த ரிஸ்வான் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். மெனேஜர் போனதும் மிஸ் பையிலிருந்து ஒரு சீலைத்துண்டை எடுத்து, டேங்கியின் அடியில் குனிந்து துடைத்தார்.

"அண்ணை, இந்த வால்வைக் கடைசியா எப்ப திறந்தனீங்கள்?"

"அது திறக்காது மிஸ். பெயின்ட் அடிச்சப்ப அதையும் சேர்த்து அடிச்சிட்டாங்க."

"எப்ப பெயின்ட் அடிச்சது?"

"சரியா ஞாபகம் இல்ல மிஸ்."

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். "சரி, இண்டைக்குத் திறப்பம்" என்றார்.

பகல் சாப்பாட்டுக்கு மணி அடித்து மெஷின்கள் நின்றதும் சுவிட்சை அணைத்தோம். இருந்த காற்றையெல்லாம் ஹால் குழாய் வழியாக வெளியே விட்டு, மீட்டரின் முள் அடியில் படும்வரை காத்திருந்தோம். முள் படாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்று மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். பிறகு பெயின்டைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, மெல்லத் தட்டி, ஊற விட்டு, மறுபடியும் தட்டி, ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகி இருவருமாக இழுத்தோம். திறந்துகொண்டது. முதலில் ஒரு சொட்டு. பிறகு கறுத்த சாயத்தண்ணி மாதிரி ஒரு தண்ணீர் ஓடத் தொடங்கி, நிற்காமல் ஓடியது. இரும்புச் செதிலும் சேர்ந்து வந்தது. மிஸ் அதைக் கையில் பிடித்து, விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"காற்றை அமுக்கினா அதில இருக்கிற ஈரம் தண்ணியா இறங்கும் அண்ணை. கண்டிக் காத்தில ஈரத்துக்குக் குறைவே இல்லை. அவ்வளவும் இதுக்குள்ளதான் கிடந்திருக்கு."

அன்றே மெனேஜரிடம் போய், டேங்கியின் தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்க ஆள் வேண்டும் என்று கேட்டார். "பார்ப்போம்" என்றார் மெனேஜர். அந்தப் பார்ப்போம் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது.

மறுநாளிலிருந்து எங்கள் காலை மாறிப்போனது. சைரன் ஊதுவதற்கு முன்னால் நான் அறைக்கு வருவேன். வால்வைத் திறந்து தண்ணீர் நின்று காற்று மட்டும் வரும்வரை விடுவேன். எண்ணெய்க் கண்ணாடியில் மட்டம் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பேன். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கிழமைக்கு ஒரு தடவை, காற்று நிறைந்திருக்கும்போது, அளவு மிஞ்சினால் தானே திறக்கும் சேஃப்டி வால்வின் வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்போம். சீறிக்கொண்டு காற்றை விட்டு, கையை எடுத்ததும் மூடிக்கொண்டால் அது உயிரோடு இருக்கிறது. காற்று உள்ளே இழுக்கும் பில்டரைக் கழற்றித் தட்டினால் பஞ்சும் நூல் தும்பும் கொட்டும். பெல்ட்டை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் கொஞ்சம்தான் இறங்க வேண்டும். அதிகம் இறங்கினால் வழுக்கும், இறங்காவிட்டால் பேரிங்கைத் தின்னும். எண்ணெய் மாற்றுவதென்றால் மெஷின் ஓடி நின்ற சூட்டோடு மாற்ற வேண்டும், ஆறினால் அழுக்கு அடியில் தங்கிவிடும். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. தவறாமல் செய்வதுதான் வேலை.

நான் இன்றைக்கும் ஏங்குவது மிஸ் அறைக்குள் வரும் அந்த நேரத்துக்குத்தான். ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் முதலில் அங்கே வருவார். வாசலில் சப்பாத்தைத் தேய்த்துவிட்டு நுழைவார். ஓடுகிற மெஷினின் பக்கத்தில் நின்று, டேங்கியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்பார்.

"இண்டைக்கு இவ என்ன சொல்லுறா அண்ணை?"

கேட்டுவிட்டு, நான் சொல்லும்வரை நிற்பார். அதுதான் விஷயம். எனக்கு மேலே எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். கேள்வி கேட்பார்கள், பதிலை அவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள். இந்தப் பெண் காத்திருப்பார். "நேத்தைவிட கொஞ்சம் மூச்சு வாங்குது மிஸ்" என்று நான் சொன்னால், "எப்பிடி?" என்று காதைச் சாய்ப்பார். பல நாள் நான் சொன்னது பிழையாக இருக்கும். "அது மோட்டர்ச் சத்தம் அண்ணை, கேளுங்கோ" என்பார். சில நாள் சரியாக இருக்கும். பிழையான நாளிலும் சரியான நாளிலும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருந்தது. அப்படி ஒரு மேலதிகாரியின் கீழே வேலை செய்து பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது விளங்கும். காலையில் மேட்டிலிருந்து இறங்கும்போதே, இன்றைக்கு மிஸ்ஸிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு இறங்குவேன். "வேலைக்குப் போறீங்களா, பரீட்சைக்குப் போறீங்களா?" என்று சரோஜா கிண்டல் செய்வாள்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

வெளிநாட்டு ஓடர் ஒன்று அடுத்த கிழமை கப்பலுக்குப் போக வேண்டும். பெரிய ஓடர். அது தவறினால் வாங்குபவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள், இங்கே இரண்டு தையல் லைனை மூடிவிடுவார்கள் என்று ஹால் முழுக்கப் பேச்சு. நான் வழக்கம்போல சோப்புத் தண்ணீர் பூசி மூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேங்கியின் அடி வயிற்றைப் பார்க்கச் சாக்கை விரித்து மல்லாந்து படுத்தேன். தண்ணீர் திறக்கும் வால்வுக்குப் பக்கத்தில், வெறும் தகட்டில், கடுகளவு குமிழ் ஒன்று வந்தது. பெருத்து உடைந்தது. மறுபடியும் வந்தது.

மிஸ்ஸைக் கூப்பிட்டேன். அவரும் அதே சாக்கில் படுத்துப் பார்த்தார். எழும்பி, நேரே போய் சுவிட்சை அணைத்தார். பிறகு வால்வுகளைத் திறந்துவிட்டார். ஹாலில் மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்குவது கேட்டது. எல்லாம் அடங்கியதும் பெண்களின் குரல்கள் மட்டும் எழும்பின.

மெனேஜர் ஓடி வந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். மேலே இருந்து அவருக்கும் நெருக்கடி. சிங்களத்தில்தான் பேச்சு.

"ஒரு ஊசி முனை ஓட்டைக்கு முழு பெக்டரியையும் நிப்பாட்டினீங்களா?"

மிஸ்ஸின் சிங்களம் மெதுவானது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். "ஓட்டை சின்னதுதான் சேர். அதைச் சுற்றி இருக்கிற தகடு எவ்வளவு மெல்லிசாகிவிட்டது என்று எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் டேங்கி என்றால் ஒழுகும். இது காற்று. விட்டால் வெடிக்கும்."

மெனேஜர் என் பக்கம் திரும்பினார். "மணி, நீ வெல்டிங் போடுவாய்தானே? ஒரு துண்டுத் தகடு வைத்து ஒட்டு. இத்தனை வருஷம் ஓடின டேங்கி இன்னும் ஒரு கிழமை ஓடாதா?"

எனக்கு வெல்டிங் தெரியும். உண்மையைச் சொன்னால், ஒட்டினால் ஒரு கிழமை தாங்கும் என்றுதான் என் மனம் சொன்னது. மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, டேங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ் போடச் சொன்னா போடுறேன் சேர். இல்லாட்டி மாட்டேன்" என்றேன்.

"அப்படியென்றால் நீங்கள் இரண்டு பேருமே போய் அந்தப் பெண்களுக்குச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவர் போன பிறகு மிஸ் கேட்டார். "அண்ணை, எனக்காகச் சொன்னனீங்களோ? அப்பிடிச் சொல்லக் கூடாது. உங்களுக்கு என்ன படுது?"

"எனக்குத் தெரியல மிஸ். ஒட்டு பிடிக்கும்னுதான் தோணுது. ஆனா பிடிக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியல."

"எனக்கும் அப்பிடித்தான் அண்ணை. வெடிக்கும் எண்டு நானும் அடிச்சுச் சொல்ல மாட்டன். தெரியாததாலதான் நிப்பாட்டினனான்."

கீழே கிடந்த சாக்கை எடுத்து மடித்து வைத்தார்.

பெண்களுக்குச் சொல்லப் போனோம். மிஸ் ஹாலின் நடுவில் நின்று, அடுத்த இரண்டு நாளும் நூலைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருக்கும், வேலை மெதுவாகத்தான் போகும் என்றார். முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் ஒருத்தி, "லைன மூடினா மிஸ் வந்து எங்களுக்குச் சோறு போடுவாங்களா?" என்று சத்தமாகவே கேட்டாள். பலர் சிரித்தார்கள். சரோஜா சிரிக்கவில்லை. ஆனால் எங்களைப் பார்க்கவும் இல்லை.

அன்று மாலை மேட்டில் ஏறும்போது அவள் பாதி வழி வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பிறகு கொட்டினாள்.

"அந்தப் புள்ள நேத்து வந்துச்சு, நாளைக்குப் போயிரும். படிச்ச புள்ள, எங்கயும் வேலை கெடைக்கும். நீங்களும் நானும் எங்கங்க போறது? பெரியவரு சொன்னப்ப ஒட்டிக் குடுத்தா என்ன?"

"நீ நிக்கிற அயர்ன் மேசைக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"செவரு."

"செவருக்கு அந்தப் பக்கம்?"

அவள் நின்றாள். இத்தனை வருடமும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து இளைப்பாறியிருக்கிறாள். அதற்கு அப்பால் டேங்கி கிடக்கிறது என்று அவளும் நினைத்ததில்லை, நானும் நினைத்துப் பார்த்ததில்லை. டேங்கியின் அடியில் படுத்து அந்தக் குமிழைப் பார்த்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

"இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலதானே" என்றாள், குரலைத் தாழ்த்தி. ஆனால் மிஸ் மேல் இருந்த கோபம் அவளுக்குப் போகவில்லை. லைன் மூடினால் என்ற பயம் அதைவிடப் பெரியது.

மறுநாள் காலை மிஸ் அறைக்கு வந்ததும் ஒரு கேள்வி கேட்டார். மெஷின்களுக்கு உண்மையில் எவ்வளவு காற்று தேவை? எல்லா மெஷினும் நிற்கிற நேரத்திலும் பெரிய கம்ப்ரசர் அடிக்கடி ஓடிக்கொண்டே இருந்ததே, அந்தக் காற்று எங்கே போனது? வழியில் கசிகிறது. அந்தக் கசிவையெல்லாம் அடைத்துவிட்டால் சின்னக் கம்ப்ரசரே போதும். சின்னதற்குச் சின்ன டேங்கியே போதும், ஆனால் அது நல்ல டேங்கியாக இருக்க வேண்டும்.

ரிஸ்வான் தலையைச் சொறிந்தான். "எங்கட சாச்சாட டயர் கடையில ஒரு டேங்கி சும்மா ஈக்குது மிஸ். புதுசு மாதிரித்தான். கேட்டுப் பாக்கவா?"

அவன் சித்தப்பாவான அந்தச் சாச்சா கேள்வியே கேட்காமல் கொடுத்தார். சனிக்கிழமை லொறியில் வந்து இறங்கியது. கூடவே அது சோதித்த டேங்கி என்பதற்கான கடதாசியும் வந்தது. மிஸ் அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே எடுக்க விட்டார். மெனேஜர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை காலை வரைக்கும்தான்" என்று சொல்லிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும்தான். நான் வேலை செய்த இத்தனை வருடங்களில் எந்த நாள் திரும்ப வேண்டும் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் அந்த ஞாயிறைக் கேட்பேன்.

முந்நூறு பேர் இருந்து இரையும் ஹாலில் ஒரு சத்தமில்லை. வெளியே கோவில் மணியும் தூரத்தில் ஒரு த்ரீவீலும் கேட்டன. சின்னக் கம்ப்ரசரை ஓட விட்டுக் குழாய்களில் காற்றை நிரப்பிவிட்டு நிறுத்தினோம். "இனிச் சத்தம் போடாதேங்கோ, கேப்பம்" என்றார் மிஸ். நின்று கேட்டோம். முதலில் ஒன்றும் இல்லை. காது பழகப் பழக, நாலா பக்கமும் இருந்து ஸ்ஸ் என்று வந்தது. ஹால் முழுக்கப் பாம்புகள் மாதிரி. "அல்லாஹ்வே" என்றான் ரிஸ்வான்.

ஷாம்பு போத்தலில் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு லைன் லைனாகப் போனோம். மிஸ் கண்ணை மூடிக்கொண்டு, கையை முன்னால் நீட்டி நடப்பார். ஓர் இடத்தில் நிற்பார். "இஞ்சதான்." நான் சோப்புத் தண்ணீர் அடிப்பேன், நுரை பொங்கும். ரப்பர்க் குழாய் வெடித்த இடம், மிதிக்கும் பெடலின் அடி, தளர்ந்த நட்டு, யாரோ நூலைச் சுற்றி அடைத்து விட்டிருந்த ஒரு மூட்டு. வெட்ட வேண்டியதை வெட்டி, புது வளையம் போட்டு, டேப் சுற்றி இறுக்கினோம். ஒரு லைன் முடிந்ததும் மறுபடியும் நின்று கேட்போம். ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பகலுக்கு ரிஸ்வானின் உம்மா அனுப்பிய சோற்றைப் பிரித்தோம். அயர்ன் மேசையில் வைத்துச் சாப்பிட்டோம். அப்போதுதான் மிஸ் தன் கதையைச் சொன்னார்.

"அப்பா சைக்கிள் கடை வைச்சிருந்தவர். நான்தான் பம்ப் அடிச்சுக் குடுக்கிற பிள்ளை. டியூப்பைத் தண்ணியில அமுக்கிக் குமிழி பாக்கிறதுதான் எனக்கு விளையாட்டு. அப்பா போன பிறகு அம்மா கடையை வித்துத்தான் என்னைப் படிப்பிச்சவ." விரலில் ஒட்டிய சோற்றை வழித்துக்கொண்டே, "அந்தக் கடை இருந்த இடத்தில இப்ப ஃபோன் கடை அண்ணை" என்றார். அதைச் சொல்லிவிட்டு எழும்பிக் கை கழுவப் போய்விட்டார்.

மாலையில் கடைசி லைனை முடித்தோம். நின்று கேட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. மீட்டரைப் பார்த்தோம். முள் அசையாமல் நின்றது. நாங்கள் மூன்று பேரும் அந்த முள்ளைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. ரிஸ்வான்தான் முதலில் சிரித்தான். பிறகு மிஸ் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை சைரன் ஊதியது. மெஷின்கள் ஓடின. சின்னக் கம்ப்ரசர் திணறியது, ஆனால் நிற்கவில்லை. ஒரு லைனில் மட்டும் கத்தரிக்கோல். ஓடரின் பெரும் பகுதி நேரத்துக்குப் போனது, மீதி சில நாள் பிந்திப் போனது. வாங்குபவர்கள் முறைப்பட்டார்கள், ஆனால் விட்டுப் போகவில்லை. லைன் எதையும் மூடவில்லை.

அந்த மாதமே தகடு அளப்பவர் வந்தார். பழைய டேங்கியின் அடியில் கருவியை வைத்து வைத்துப் பார்த்தார். ஓட்டையைச் சுற்றி ஒரு தோசைக்கல் அளவு இடத்தை வெட்டி எடுத்து மெனேஜர் கையில் கொடுத்தார். பிஸ்கட் டின்னின் மூடி மாதிரி மெல்லிசாக இருந்தது. அதில் நான் வெல்டிங் கம்பியை வைத்திருந்தால் உருகி இன்னும் பெரிய ஓட்டையாகியிருக்கும். பிறகு அதன் மேல் ஒரு தகட்டை வைத்து மூடி, காற்றையும் ஏற்றியிருப்போம். மெனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அந்தத் துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போனார். புது டேங்கி வந்தது. அவர் மிஸ்ஸிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. மிஸ் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. பெண்கள் அந்த விஷயத்தை மறந்துவிட்டார்கள். நடக்காத ஒன்றை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

அதற்குப் பிறகு சில வருடம் மிஸ் எங்களோடு இருந்தார். பிறகு கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை கனடாவில். போகிற நாளில் அறைக்கு வந்தார், ஆனால் அன்றைக்கு மெஷினைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அண்ணை, உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். நான் ஏதோ சொல்ல நினைத்து, "குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்குங்க மிஸ்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். அவர் வாசல் தாண்டிப் போன பிறகு மோட்டர்ச் சத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது, சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அடுத்து வந்த இன்ஜினியரும் நல்ல பையன்தான். காலையில் ஃபோன் பண்ணி "எல்லாம் ஓகேயா?" என்று கேட்பார். ஓகே என்பேன். அதற்குப் பிறகும் வால்வைத் திறந்தேன், வளையத்தை இழுத்தேன், பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன். எதையும் விடவில்லை. ஆனால் காலையில் மேட்டிலிருந்து இறங்கும்போது யோசித்துக்கொண்டு இறங்க ஒன்றும் இருக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்த வெறுமை இன்னும் கூடியது. வேலையை நினைத்து ஏங்குகிறேனா, அந்த ஆளை நினைத்து ஏங்குகிறேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு மகள் இல்லை. ஆனால் மகள் மாதிரி என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். மகளுக்குப் பதில் சொல்ல யாரும் அப்படித் தயார் பண்ணிக்கொண்டு போவதில்லை.

போன வருடத்துக்கு முந்திய வருடம் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று சரோஜா சொன்னாள். போனோம். திரும்புகிற நாள், "அந்த மிஸ்ஸோட அம்மா இங்கதானே எங்கயோ இருக்காங்க? பாத்துட்டுப் போவோமே" என்று அவளே சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரிஸ்வானிடம் ஃபோனில் கேட்டு, சாவகச்சேரிப் பக்கம் வீட்டைக் கண்டுபிடித்தோம்.

அம்மா தனியாக இருந்தார். நான் யாரென்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கண்டி மணி அண்ணையோ? பிள்ளை உங்களைப் பற்றிச் சொல்லாத நாளில்லையே. இருங்கோ, இருங்கோ, இப்பவே எடுக்கிறன்" என்று ஃபோனை எடுத்தார். ஃபோன் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். "அங்க இப்ப நடுச்சாமம். நித்திரை போல" என்று வருத்தத்தோடு வைத்தார். ஃபோனின் முகப்பில் மிஸ்ஸின் படம் இருந்தது. தலைக்கவசம், தடித்த ஜாக்கெட், பின்னால் வெள்ளை வெளேரென்று பனி. கொஞ்சம் சதை போட்டிருந்தார். அம்மா எடுத்துக் கொடுத்த பனங்கிழங்கு ஒடியல் மாவையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

தம்புள்ளை தாண்டி வந்துகொண்டிருக்கும்போது என் ஃபோன் அடித்தது. நீளமான இலக்கம்.

"அண்ணை! வீட்டை வந்தனீங்களாம். நான் நித்திரையாப் போனன். எப்பிடி இருக்கிறியள்?"

"நல்லா இருக்கேன் மிஸ். நீங்க?"

பஸ் இரைந்தது, பாதி கேட்கவில்லை. பெரிய பெக்டரி ஒன்றில் வேலையாம். எல்லாவற்றையும் ஒரு திரையில் பார்ப்பார்களாம், மெஷின் இருக்கும் பக்கம் போவதற்கே அனுமதி எடுக்க வேண்டுமாம். "நல்ல வேலைதான் அண்ணை. ஆனா ஒரு நாளைக்கு ஒருத்தரோடயும் கதைக்காமலே வீட்டுக்கு வாற நாளும் இருக்கு" என்றார். "ம்" என்றேன். அந்தப் பக்கமும் சும்மா இருந்தது. வைத்துவிட்டாரோ என்று பயந்து "மிஸ்?" என்றேன். "நிக்கிறன் அண்ணை" என்றார்.

பக்கத்தில் இருந்த சரோஜா என் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள்.

"மிஸ், நான் சரோஜா. அயர்ன் மேசையில நின்ன சரோஜா. நீங்க அன்னைக்கு நிப்பாட்டினப்ப உங்கள ரொம்ப ஏசினேன் மிஸ். ஒங்களுக்குத் தெரியாது, வீட்டுல இவருகிட்ட ஏசினேன். இப்ப சொல்றேன். அடுத்த தடவ வந்தா நேரா அம்பிட்டியவுக்கு வாங்க. எங்க வீட்டுல ரெண்டு நாளாவது தங்கணும். சின்ன வீடுதான். நீங்க வரணும்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. சரோஜா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனைத் தந்தாள். அதற்குள் லைன் அறுந்திருந்தது. "டிசம்பர்ல வாறாங்களாம்" என்றாள்.

அந்த டிசம்பரில் மிஸ்ஸுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த டிசம்பரில் அவர் பிள்ளைக்குச் சுகமில்லை. இந்த வருடம் பார்ப்போம் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். சரோஜா அந்தப் பயணம் முடிந்து வந்த கிழமையே கண்டி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு புதுக் கட்டில் விரிப்பு வாங்கி வந்தாள். வெள்ளையில் சின்ன நீலப் பூ. அலுமாரியின் மேல்தட்டில், கடைப் பையோடு வைத்திருக்கிறாள். தீபாவளிக்கு அவள் தங்கை குடும்பத்தோடு வந்து தங்கியபோது விரிப்புப் போதவில்லை. அதை எடுக்கலாமே என்றேன்.

"அது மிஸ்ஸுக்கு" என்று சொல்லி, தன் பழைய சேலை ஒன்றை இரண்டாக மடித்து விரித்தாள்.